ஒரு மூக்குல மட்டும் தண்ணியா ஒழுகுது, மூளைத் தண்ணியான்னு சுகர் மெஷின்ல பாக்கலாமா?

பாக்காதீங்க. உங்க அம்மாவுக்கு வலது மூக்குல மட்டும் தண்ணி சொட்டுது, குனிஞ்சா ஜாஸ்தியாகுது, அலர்ஜி மாத்திரைக்கு நிக்கலன்னு எழுதியிருக்கீங்க, அது கண்டிப்பா இஎன்டி டாக்டர் பாக்க வேண்டிய விஷயம். நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கிறதால டெஸ்ட் பத்தி மட்டும் சொல்றேன்.

மூளையை சுத்தி இருக்கிற தண்ணியில, அதாவது சிஎஸ்எஃப்ல, சுகர் இருக்கும், ரத்தத்துல இருக்கிறதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு, அதனாலதான் அந்தக் காலத்துல ஸ்ட்ரிப் வச்சு பாத்தாங்க. ஆனா கண்ணீர்லயும் சளியிலயும் கூட கொஞ்சம் சுகர் வரும், சுகர் பேஷண்ட்டுக்கு இன்னும் வரும், துளி ரத்தம் கலந்தாலே போதும் மெஷின் நம்பர் காட்டிடும். இதை விட பயமான விஷயம், உள்ள மூளைக்காய்ச்சல் கிருமி புகுந்துட்டா சிஎஸ்எஃப்ல சுகர் இறங்கிடும், அப்ப எது ரொம்ப ஆபத்தோ அந்த நேரத்துல ஸ்ட்ரிப் ஒண்ணுமில்லன்னு சொல்லும். தலையணை உறையில ரத்தத்த சுத்தி வளையம் விழுதான்னு பாக்கிறதும் அப்படித்தான், ரத்தத்தோட சாதா தண்ணி கலந்தாலும் அந்த வளையம் வரும்.

நீங்க கேக்க வேண்டிய டெஸ்ட் பேரு பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின். ரத்தத்துல இரும்புச்சத்த தூக்கிட்டு போற டிரான்ஸ்ஃபெரின் புரோட்டீன்ல ஒட்டியிருக்கிற சியாலிக் ஆசிட்ங்கிற சர்க்கரைத் துண்டுகள மூளையில இருக்கிற ஒரு என்சைம் வெட்டி எடுத்துடுது, அப்படி மாறினதுதான் இது. சளியிலயும் கண்ணீர்லயும் சாதாரணமா இருக்காது, அதனால மூக்குல வந்த தண்ணியில இது இருந்தா மேல இருந்துதான் கசியுதுன்னு நம்பிக்கையா சொல்லலாம். 1979ல பின்லாந்துல இந்த வழிய சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் நல்ல டெஸ்ட் இதுதான். நாள்பட்ட லிவர் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு ரத்தத்துலயே இது மாதிரி ஒண்ணு வந்து குழப்பலாம், அதனால ரத்த சாம்பிளும் சேத்து கேட்டா கொடுத்துடுங்க. எல்லா லேப்லயும் செய்ய மாட்டாங்க, பெரிய லேபுக்கு அனுப்புவாங்க, ரிசல்ட் வர சில நாள் ஆகலாம்.

சாம்பிள் எடுக்கிறதுலதான் நிறைய வீணாகுது. அம்மாவ உக்கார வச்சு தலைய நல்லா முன்னாடி குனிய சொல்லுங்க, தானா சொட்டுறத நேரா லேப் கொடுத்த சுத்தமான டப்பாவுல பிடிங்க, பஞ்சுலயோ டிஷ்யூலயோ ஒத்தி எடுக்க வேணாம். அரை மில்லி கிடைச்சாலே பெரும்பாலும் போதும், எவ்வளவு வேணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, பிடிச்ச உடனே லேப்ல கொடுங்க, லேட் ஆகும்னா ஃபிரிட்ஜ்ல வைங்க. காலையில படுக்கையில இருந்து எந்திரிச்சதும் சிலருக்கு நிறைய வரும், அந்த நேரத்த விடாதீங்க. மூக்க பலமா சிந்த வேண்டாம்னு சொல்லுங்க.

நடுவுல காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து பிடிப்பு, பேச்சுல குழப்பம் எது வந்தாலும் ரிசல்டுக்கு காத்திருக்காதீங்க, ராத்திரியானாலும் கேஷுவால்டிக்கு போயிடுங்க.

பாசிட்டிவ்னு வந்தா சிடி, எம்ஆர்ஐ எடுத்து ஓட்டை எங்கன்னு தேடுவாங்க, இப்பல்லாம் பெரும்பாலும் மூக்கு வழியாவே எண்டோஸ்கோப் விட்டு அடைச்சிடுறாங்க, நல்லாவே சரியாகுது. அம்மாவுக்கு முன்னாடி எப்பவாவது தலையில அடியோ சைனஸ் ஆபரேஷனோ நடந்திருந்தா, வருஷம் ஆயிருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. எதுவுமே இல்லாமலும் வரும், உடம்பு எடை கூடின நடுத்தர வயசு பெண்களுக்கு மண்டைக்குள்ள பிரஷர் ஏறி வர்றது உண்டு, அதனால தலைவலி, பார்வை மங்கல் இருக்கான்னும் கேட்டு வைங்க. கசிவு விட்டு விட்டு வர்றதால முதல் சாம்பிள் நெகட்டிவ்னு வந்தும் சொட்டு நிக்கலைன்னா, திரும்ப ஒரு தடவ அனுப்ப சொல்லி டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க.