வீட்டில் காய்ச்சும் அமெரிக்கன் பேல் ஏல் பீரில் கசப்பு வருகிறது, ஹாப்ஸ் மணம் வரவில்லை. ஏன்?

முழுக்க தானியத்திலிருந்தே காய்ச்சுகிறேன், ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தாராளமாகப் போடுகிறேன், ஆனாலும் மணமே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அளவில் குறை இருக்காது என்று நினைக்கிறேன். எப்போது போடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

என் முதல் மூன்று முயற்சிகளும் இப்படித்தான் போயின. 100 கிராம் ஹாப்ஸையும் கொதி தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் போட்டு முடித்திருந்தேன். குடித்தால் கசப்பு நாக்கிலேயே நின்றது, முகர்ந்தால் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வாசனை மட்டும்தான். ஹாப்ஸில் நமக்கு வேண்டியவை ஆல்ஃபா அமிலமும் வாசனை எண்ணெயும். அமிலம் நெடுநேரம் கொதித்து உருமாறினால்தான் கசப்பு இறங்கும். எண்ணெய் அதே கொதியில் ஆவியோடு போய்விடும். ஆக, ஒரே ஹாப்ஸ், போடும் நேரத்தைப் பொறுத்து வேறு வேறு வேலை செய்கிறது.

இந்த வகை ஏலுக்கு உயிரே அந்த எண்ணெய்தான். 1972-இல் வெளியான கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ் ரகத்தின் கிரேப்ஃப்ரூட் தோல் மணமும் பூ மணமும்தான் இதற்கு முகம் கொடுத்தன. 1980-இல் வந்த சியரா நெவாடா பேல் ஏல் அதை ஊரறியச் செய்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் கிராஸ்மேன், முன்பு வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கான கடை நடத்தியவர். அதாவது இது நம்மைப் போன்றவர்களின் பானையிலிருந்து கிளம்பிய பீர். எனக்கு இதன் மேல் இவ்வளவு பற்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, நான் இப்போது செய்யும் விதம். 20 லிட்டருக்கு 4.4 கிலோ டூ-ரோ பேல் மால்ட், 250 கிராம் கிரிஸ்டல் 40 என்ற கேரமல் மால்ட். கிரிஸ்டலை இதற்கு மேல் ஏற்றாதீர்கள், அதன் கேரமல் இனிப்பு ஹாப்ஸை மூடிவிடும். மாஷ், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது, 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் மருந்து வாடை வரும். அரை கேம்ப்டன் மாத்திரை போதும். தண்ணீர் மென்மையானதாக இருந்தால் மொத்தத் தண்ணீருக்கும் சேர்த்து 5 கிராம் ஜிப்சம் போடுவேன். அதிலுள்ள சல்ஃபேட் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டும்.

கொதி 60 நிமிடம். தொடக்கத்தில் 15 கிராம் சென்டென்னியல் ஹாப்ஸ், கசப்புக்கு அவ்வளவே. கடைசி 10 நிமிடத்தில் 25 கிராம் கேஸ்கேட். அப்புறம் அடுப்பை அணைத்து, வோர்ட்டை (மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) 80 டிகிரிக்கு இறக்கி, 50 கிராம் கேஸ்கேட் போட்டு, மெல்லக் கலக்கி 20 நிமிடம் விடுவேன். எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது இந்த 20 நிமிடம்தான். அந்தச் சூட்டில் கசப்பு கொஞ்சமாகத்தான் ஏறும், எண்ணெயும் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். உங்களுக்கு ஒன்றை மட்டும் மாற்ற நேரமிருந்தால் இதை மாற்றுங்கள்.

பிறகு வேகமாகக் குளிரவைத்து, 18 டிகிரியில் யுஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட். தன் வாசனையை அதிகம் சேர்க்காத ஈஸ்ட் அது. ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் கருவி) 1.050-இல் தொடங்கி 1.011 அருகே வந்து நிற்கும், ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால். நொதித்தல் அடங்கும் தறுவாயில் 60 கிராம் ஹாப்ஸைப் போட்டு மூன்று நாள் ஊறவிடுவேன். அதற்கு மேல் விட்டால் புல் வாடை எட்டிப் பார்க்கும்.

மணத்துக்கு இன்னொரு எதிரி காற்று. நான்காவது முறை எல்லாம் சரியாக வந்தும், ஆர்வத்தில் தினமும் மூடியைத் திறந்து பார்த்தேன். பாட்டிலில் நிரப்பும்போது மேலிருந்து சலசலவென்று ஊற்றினேன். மூன்றே வாரத்தில் நிறம் மங்கி, ஈர அட்டைப்பெட்டி வாடை வந்துவிட்டது. அன்று உண்மையாகவே மனம் விட்டுப்போனது. இப்போது ஹாப்ஸ் போட ஒரு முறை திறப்பதோடு சரி. பாட்டிலின் அடிவரை குழாயை விட்டு, நுரைக்காமல் நிரப்புகிறேன்.

நிரப்பும் முன் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஊறவைத்த ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்சமிருக்கும் மாவுச் சர்க்கரையை உடைத்து நொதித்தலை மறுபடி கிளப்பிவிடும். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம். நிரப்பும்போது வாயு ஏற லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அறைச் சூட்டில் இரண்டு வாரம், பிறகு நேராக ஃபிரிட்ஜுக்கு. ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள், அதற்குப் பின் மணம் இறங்கத் தொடங்கும்.