மின்பொறியியலா, காட்டுயிரியலா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புடையீர்,

தங்கள் மகள் காட்டுயிரியல் படிக்க விரும்புவதாகவும், சூரியமின் துறை வளர்ந்துவரும் இக்காலத்தில் மின்பொறியியலே நிலையான வேலை தரும் என்று தாங்கள் கருதுவதாகவும் எழுதியுள்ளீர்கள். இவ்விரு துறைகளுக்கும் இன்று ஒன்றின் துணை மற்றொன்றுக்குத் தேவைப்படுகிறது.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் வெயிலும் காற்றும் மிகுதி என்பதால் சூரியமின் பூங்காக்களும் காற்றாலைகளும் பெருகிவிட்டன. நாட்டில் ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் கானமயில் (Great Indian Bustard) என்னும் பெரிய தரைவாழ் பறவைகளில் பெரும்பாலானவை வாழ்வதும் அங்கேதான். நேரெதிர்ப் பார்வை குறைந்த, உடல் கனத்த அப்பறவை, மின்கம்பியை அருகில் கண்டாலும் சட்டென விலக இயலாமல் மோதி இறக்கிறது. கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021 ஏப்ரலில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசு முறையிட்டதும், 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, எங்கே புதைப்பது என்று ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது. மின்தடத்தையும் பறவையின் வாழிடத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அப்பணி உரியது.

சூரிய ஒளி மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலிருந்து நம் நாட்டில் விலக்கு உண்டு (இது எனக்கு உடன்பாடான விலக்கு அன்று). ஆயினும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் போன்ற கடன் வழங்குநர்கள் பல்லுயிர் ஆய்வைக் கேட்கிறார்கள். ஆலோசனை நிறுவனங்களில் வேலை பிறப்பது அதனால்தான். தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. கொளுத்தும் வெயிலில் கம்பித்தடத்தின் கீழ் நடந்து இறந்த பறவைகளைத் தேடிக் கணக்கெடுக்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனத்துக்கு உவப்பில்லாத முடிவையும் எழுத நேரும் என்பதைத் தங்கள் மகள் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

அவர் விருப்பப்படியே படிக்கட்டும் என்பதே என் கருத்து. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியலோ, வேறு கல்லூரியில் விலங்கியலோ முடித்து, டேராடூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனத்திலோ மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ முதுநிலைக்கு முயலலாம். ஆனால் புள்ளியியலையும் ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினிவழிப் புவியியல் தகவல் வரைபடப் பயிற்சியையும் இளநிலையிலேயே தொடங்கிவிட வேண்டும். பறவையை அடையாளம் காணத் தெரிந்தவர் பலர், மின்தடத்தின் மாற்றுப் பாதையை வரைபடத்தில் காட்டத் தெரிந்தவர் சிலரே.

வனவியலுக்கான விண்ணப்பம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பொறியியல் கலந்தாய்விலிருந்து தனியே நடைபெறுவதால், இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.