599 ரூபாய்க்கு 2 டிபி: கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் 599 ரூபாய்க்கு 2 டிபி (டெராபைட்) பென்டிரைவ் வாங்கினேன். கம்ப்யூட்டரும் 2 டிபி என்றே காட்டியது. மூன்று வருட வேலையை அதில் ஏற்றிவிட்டு லேப்டாப்பை ஃபார்மட் செய்தேன். இப்போது பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. மீட்க வழி உண்டா? (மென்பொருள் பணியாளர், ஓசூர்)

பதில்: பென்டிரைவிலிருந்து மீட்க முடியாது. சொல்லவே சங்கடமாக இருக்கிறது. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப்பாக இருக்கும். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை, அதாவது சிப்பை நடத்தும் மின்சுற்றை, மாற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டர் பாவம், கன்ட்ரோலர் சொல்வதைத்தான் நம்பும். இடம் தீர்ந்த பிறகும் 'எழுதியாச்சு' என்றே பதில் வரும். எழுதியதோ பழைய கோப்பின் தலைமேல் விழும், இல்லை எங்குமே விழாது. பெயரும் அளவும் மட்டும் பட்டியலில் சமர்த்தாக நிற்கும்.

லேப்டாப்பில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. இந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால், நீக்கிய இடத்தைத் தானாகக் காலி செய்யும் டிரிம் வசதி இதற்குள் துடைத்திருக்கும். நிரல்களைப் பதிப்பு வாரியாகச் சேமிக்கும் கிட் (Git) வழியாக வெளியே ஏற்றிவைத்த நிரல்கள் ஏதாவது இருந்தால் அவை பிழைத்தன.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. சென்னை ரிச்சி தெரு நடைபாதையில் 256 ஜிபி மெமரி கார்டு வாங்கி, வீட்டில் சோதித்தபோது 8 ஜிபி என்று தெரிந்து, மறுநாள் போனால் அந்த இடத்தில் இளநீர் வண்டி நின்றது. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் முதல் வேலை, முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. இரண்டும் இதற்கான இலவச மென்பொருள்கள். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம்.

எண் அச்சடிக்க மை மட்டும் போதும் என்றாகிவிட்டது. 18650 என்ற உருளை வடிவ பேட்டரி செல்லின் மேல், கொள்ளளவு 9,900 எம்ஏஹெச் என்று போட்டு விற்கிறார்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் நல்ல செல்லே 3,500 பக்கம்தான் நிற்கிறது. அதே அளவு உருளைக்குள் மூன்று மடங்கை எங்கே திணித்தார்களாம்? பவர்பேங்க் கதை வேறு. 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக ஏற்றும்போது 14,800 ஆகும், வழியில் வீணாவது போக 12, 13 ஆயிரம் கைக்கு வரும். அது மோசடி இல்லை, ஆனால் 5 வோல்ட்டுக்கான எண்ணைப் பொடி எழுத்தில் போடுவதால் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: டைப்-சி கேபிள் லேப்டாப்பை சார்ஜ் செய்கிறது, மானிட்டரில் படம் வரவில்லை. கேபிள் பழுதா? (சோழிங்கநல்லூர்)

பதில்: பழுதில்லை, அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம். படத்துக்கு அதிவேக இணைப்புகள் உள்ள கேபிள் வேண்டும், லேப்டாப்பின் துளையும் டிஸ்ப்ளே தர வேண்டும். துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட்டின் 'DP' குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 72,000 ரூபாய் லேப்டாப். 8 ஜிபி ரேமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போர்டோடு பற்றவைத்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டாமா? (கோவை)

பதில்: நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். கால் கிலோ கத்தரிக்காய்க்குக் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம், 72,000 ரூபாய்க்கு மாடல் பக்கத்தைத் திறக்க மாட்டோமா? கடையிலேயே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் பற்றவைத்தது. 'கூட்டலாம்' என்று கடைக்காரர் எழுத்தில் தந்திருந்தால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

கேள்வி: சின்ன போர்டுகள் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதுமா?

பதில்: போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஈயமும் ஃப்ளக்ஸும் வாங்குங்கள்.

கேள்வி: 'ஒரிஜினல்' என்று பில் போட்டு விற்ற லேப்டாப் பேட்டரி நாலே மாதத்தில் உப்பிவிட்டது. ஒரு வருட வாரன்டி இருக்கிறது. உப்பினால் வாரன்டி கிடையாது என்கிறார்கள். (திருச்சி)

பதில்: முதலில் அதைக் கழற்றுங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். எரியாத தரையில் தனியாக வையுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புவது பேட்டரிக்கு வரும் பழுதுதான். அதற்கு வாரன்டி இல்லை என்றால் வேறு எதற்காம்? கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஓசூர் அன்பரே, உங்களுக்கும் இதேதான். விளம்பரப் பக்கத்தை அவர்கள் நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் 300 ரூபாய் குறைக்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.