மதப் பூசலுக்கும் அரசியல் போட்டிக்கும் நடுவே சிக்கிய அரசியை வைத்துச் சரித்திர நாவல் எழுத விரும்புகிறேன், யாரைத் தேர்ந்தெடுக்கலாம்?

மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்சின் வசமுள்ள ரீயூனியன் தீவில் வாழ்பவன் என்ற முறையில் நான் சொல்லும் பெயர், மடகாஸ்கரின் கடைசி அரசி மூன்றாம் ரணவலோனா. நம் சரித்திர நாவல்கள் கடல் கடந்தாலும் பெரும்பாலும் கடாரத்தோடு திரும்பிவிடுகின்றன. இந்தப் பக்கம் வருவதில்லை.

1883-இல், 22 வயதில் முடிசூடிய அவர், தமக்கு முன் ஆண்ட இரண்டு அரசியரையும் மணந்திருந்தவரும் தம்மைவிட 33 வயது மூத்தவருமான பிரதம மந்திரி ரைனிலையாரிவோனியையே மணக்க வேண்டியிருந்தது. ஆட்சி மந்திரியின் கையில்தான். ஆயினும் அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். பிரான்சின் பிடியிலிருந்து நாட்டைக் காக்க முப்பது ஆண்டுகள் காய் நகர்த்தியவர் அவர். 1869-லேயே அரண்மனை புரோட்டஸ்டன்ட் மதத்தைத் தழுவி, பரம்பரைத் தெய்வச் சின்னங்களை எரித்துவிட்டதால், லண்டன் பாதிரிமார் அரசின் பக்கமும் கத்தோலிக்கரான ஜெசுயிட் சபைப் பாதிரிமார் பிரான்சின் பக்கமும் நின்றார்கள். மதத்தால் நெருங்கியிருந்த இங்கிலாந்தோ, 1890-இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கு ஈடாக மடகாஸ்கரைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. 1895-இல் தலைநகர் விழுந்தது.

பிரெஞ்சுக்காரரை விரட்டக் கிளம்பிய மெனலாம்பா கலகக்காரர்கள், அரசி ஜெபித்த மதத்தின் ஆலயங்களையே கொளுத்தினார்கள். அப்படியிருந்தும் கலகத்துக்கு அவரே ஊக்கம் என்று கருதி, 1897 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி கல்லியேனி அவரை எங்கள் தீவுக்கு நாடுகடத்தினார்.

நானாக இருந்தால் நாவலை இங்கேதான் தொடங்குவேன். உடன் வந்த சகோதரி மகளுக்கு வயது 14. வயிற்றில் பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவனின் பிள்ளை. சேன் தெனி நகரில் பெண் குழந்தையைப் பெற்ற சில நாட்களில் அவள் இறந்துபோக, புரோட்டஸ்டன்ட் அரசி அக்குழந்தையைத் தத்தெடுத்து, பிரான்சின் மனம் குளிரட்டும் என்று கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். பெயர் மரி லூயிஸ். இதில் பக்தி எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்பதே நாவலின் உயிர். இத்தீவின் தமிழருக்கு இந்தக் காட்சி புதிதன்று. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் பிள்ளைகளுக்கு மாதா கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கவும் செய்தார்கள். ஆகவே அரசியைப் பச்சோந்தியாகக் காட்டிவிடாமல் எழுதுவது நமக்குச் சற்று எளிது.

1899-இல் வட ஆப்பிரிக்காவில் பிரான்சின் வசமிருந்த அல்ஜியர்சுக்குக் கப்பலேறுவதோடு கதையை நிறுத்திக்கொள்ளலாம். நாடு திரும்ப அனுமதி கேட்டு மனு மேல் மனுவாக எழுதி, 1917-இல் அங்கேயே அவர் கண்மூடிய ஆண்டுகள் இன்னொரு நாவலுக்கு உரியவை.