வெளிநாட்டு நிவாரண ஒருங்கிணைப்புப் பணி: முகவரிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். வயது 31. பி.காம். முடித்து, ஆறு ஆண்டுகளாகப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். 2018 வெள்ளத்தின்போதும், 2024 வயநாடு நிலச்சரிவின்போதும் நிவாரணப் பொருள் சேகரிப்பு மையத்தில் இருப்புக் கணக்கு எழுதினேன். வெளிநாட்டில் நிவாரண ஒருங்கிணைப்புப் பணியில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆப்பிரிக்க நாடு ஒன்றில் 'ஒருங்கிணைப்பாளர்' பணி வாங்கித் தருவதாகவும், சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றும் கோயம்புத்தூர் முகவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? எனக்குத் தகுதி உண்டா? வீட்டுக் கடனும், தனியாக இருக்கும் அம்மாவும் என் கவலைகள்.

பதில்: முகவரிடம் பணம் கட்டாதீர்கள். ஐ.நா. பொதுச்சபை 1970-இல் தோற்றுவித்து, இன்று ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம், விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்பதில்லை; பயணச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் வாழ்க்கைப்படியையும் அதுவே தருகிறது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. உங்களிடம் கேட்கப்படும் தொகை அதைப்போல ஐந்து மடங்கு. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது அந்த நாட்டின் சட்டத்தை மீறுவதாகும் என்பதோடு, அங்கே நோயோ விபத்தோ நேர்ந்தால் பொறுப்பேற்க எந்த நிறுவனமும் இருக்காது என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய அச்சம். முன்பணம் ஏதேனும் கொடுத்திருந்தால், ரசீதுடன் காவல் நிலையத்திலும், வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான அரசுத் துறையான நோர்க்கா அலுவலகத்திலும் இப்போதே புகார் கொடுங்கள்.

அடுத்து, இந்தப் பணி உண்மையில் என்னவென்று பார்ப்போம். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி மூட்டைகள் குவிந்து கிடந்ததை நம்மில் பலர் நேரிலோ படத்திலோ பார்த்திருக்கிறோம். கொடுக்க மனம் இருந்தது, வண்டி இருந்தது. எந்தக் குப்பத்துக்கு எது தேவை, அங்கே ஏற்கெனவே யார் போயிருக்கிறார்கள் என்ற தகவல் மட்டும் ஓரிடத்தில் சேரவில்லை. அந்தத் தகவலைச் சேர்த்து, சரிபார்த்து, எல்லா அமைப்புகளின் முன்னாலும் வைப்பதே ஒருங்கிணைப்பு. 1991-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானம் இதற்கு அடித்தளம் இட்டது. 2005 முதல் தண்ணீர், தங்குமிடம், உணவு, சுகாதாரம் எனத் துறைவாரியாகக் குழுக்கள் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு அமைப்பை வைக்கும் முறை வந்தது. யார், என்ன வேலையை, எங்கே, எப்போது செய்கிறார்கள் என்ற அட்டவணையை நாள்தோறும் புதுப்பிப்பதுதான் இத்துறையில் கீழ்நிலையில் சேர்பவரின் பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தலைக்கு 3.5 சதுர மீட்டர் தங்குமிடம் என்று, நிவாரண அமைப்புகள் உலகெங்கும் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேடு அளவுகோல் வகுத்திருக்கிறது. 4,000 பேர் உள்ள முகாம் என்றால் தினம் 60,000 லிட்டர் தண்ணீரும் 200 கழிப்பறைகளும் வேண்டும். மூன்று அமைப்புகள் சேர்ந்து 210 கழிப்பறைகள் கட்டிவிட்டதாக அறிக்கை தருகின்றன. கணக்கு நிறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அவற்றில் 150 கழிப்பறைகள், லாரி வந்து நிற்கும் பக்கத்திலேயே இருந்து, பெண்கள் தங்கியிருக்கும் மறுகோடியில் விளக்குள்ள கழிப்பறை ஒன்றுகூட இல்லை என்பதை வரைபடத்தில் குறித்துக் கூட்டத்தில் எழுந்து சொல்பவர்தான் நல்ல ஒருங்கிணைப்புப் பணியாளர். அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது; கையில் இருக்கும் கணக்கு சரியாக இருப்பதால்தான் மற்றவர்கள் கேட்கிறார்கள்.

உங்கள் தகுதி இங்கேதான் தெரிகிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் பன்னாட்டுத் தன்னார்வ நிபுணர் பிரிவுக்குக் குறைந்தது 27 வயதும், மூன்றாண்டுத் தொழில் அனுபவமும் அடிப்படை. இரண்டும் உங்களிடம் உள்ளன. ஆனால் 'வெள்ள நிவாரணத்தில் சேவை செய்தேன்' என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் தேர்வு செய்யமாட்டார்கள். எத்தனை வண்டிச் சரக்கைப் பதிவு செய்தீர்கள், வந்ததற்கும் போனதற்கும் இருந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், வில்லேஜ் ஆபீசருக்கோ தாசில்தாருக்கோ எந்த வடிவில் அறிக்கை கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். நம் எல்லைப்பகுதியில் ஒரே குடும்பம் தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை எனப் பட்டியலில் இரண்டு தடவை ஏறிவிடுவது உங்களுக்குப் புதிதல்ல. அதைக் கண்டு களைந்த அனுபவம் இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள்; பல மொழி பேசுவோர் வாழும் அகதி முகாம்களில் அன்றாடம் தேவைப்படும் திறமை அதுவே. பஞ்சாயத்துச் செயலரிடமிருந்து அந்தப் பணிக்கு ஒரு சான்றுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக அறிக்கை எழுதவும், எக்செல் அட்டவணையைத் தயங்காமல் கையாளவும் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு கற்றால் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் வாய்ப்புகள் திறக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் முயற்சியிலேயே 'ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவிப்பெயர் கிடைப்பது அரிது; கிடங்கு, கொள்முதல், தகவல் மேலாண்மை ஆகியவற்றில் உதவியாளர் இடத்துக்கு விண்ணப்பியுங்கள். 2025-இல் அமெரிக்கா உதவி நிதியைக் கடுமையாகக் குறைத்ததும், ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் தன் பணியாளர்களில் சுமார் 20 விழுக்காட்டைக் குறைப்பதாக அறிவித்தது. அனுபவம் மிக்கவர்களே இப்போது வேலை தேடுகிறார்கள். எனவே காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல், வீட்டிலிருந்தே செய்யும் இணையவழித் தன்னார்வப் பணிகளை ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் தளத்தில் எடுத்துச் செய்யுங்கள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாத, அதிகபட்சம் 12 வாரம் நீளும் வேலைகள் அவை. சங்க வேலையோடு சேர்த்துச் செய்யலாம். ஐ.நா.வின் 'பிசேஃப்' பாதுகாப்புப் பயிற்சியும், காயா என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் உள்ள நிவாரணப் பாடங்களும் இலவசம். கேரள அரசின் தன்னார்வலர் படையான சன்னத சேனையில் பெயரைப் பதிவு செய்தால் பயிற்சியும் கிடைக்கும், அடுத்த மழைக்காலத்தில் ஊரிலேயே வேலையும் இருக்கும்.

ஆவணங்களில் தமிழர்கள் அடிக்கடி இடறும் இடம் பெயர்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்தும், ஆதாரில் மலையாள உச்சரிப்புப்படி வேறு எழுத்துகளிலும் பெயர் இருந்தால், தேர்வான பிறகு விசா தாமதமாகும். இப்போதே கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சய மையத்தில் திருத்தங்களைத் தொடங்கிவிடுங்கள். காவல்துறை நற்சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடு என்றால், பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தப்படுவீர்கள்.

இனி வீட்டுக் கவலைகள். வாழ்க்கைப்படி என்பது ஊதியமல்ல. பணியிடத்து வாடகையும் சாப்பாடும் நடப்பதற்கான தொகை அது. ஊருக்கு ஊர் மாறும். வீட்டுக் கடன் தவணையை அதிலிருந்து கட்டிவிடலாம் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். போகும் மாதங்களுக்கான தவணையைச் சேமிப்பில் வைத்துவிட்டுப் போவதே நல்லது. ஆபத்தையும் அம்மாவிடம் மறைக்க வேண்டாம். 2024-இல் மட்டும் உலகெங்கும் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர் என்பது ஐ.நா.வின் கணக்கு, அவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பணியிடம் எது, இரவில் எங்கே தங்குவது, நிலைமை மோசமானால் யார் உங்களை வெளியேற்றுவார்கள், காப்பீட்டில் அம்மா வாரிசாகப் பதிவாகியிருக்கிறாரா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சங்க வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம். கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வந்தபின், அதன் நகலை இணைத்து ஊதியமில்லா விடுப்புக் கேட்டு நிர்வாகக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள்.