காரிடம் கத்திப் பேசாதீர்கள்

கேள்வி: வீட்டு வாசலில் நிற்கும்போது "கால் ரவி" என்றால் கார் சரியாகப் புரிந்துகொள்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது சொன்னால் ரேவதிக்கு போன் போகிறது. கத்தினாலும் பலனில்லை. மைக்கை மாற்ற வேண்டுமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: வேண்டாம். நிற்கும்போது ஒழுங்காகக் கேட்கிற மைக், ஓடும்போது மட்டும் கெட்டுப்போகாது.

என் முதல் சந்தேகம் ஏசி மீதுதான். நம் ஊர் வெயிலுக்கு ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, பின்சீட்டுக்கும் குளிரட்டும் என்று நடு வென்ட்டை மேலே திருப்பிவிடுகிறோம். பல கார்களில் மைக் இருப்பது கூரை விளக்கின் பக்கத்தில். காற்று நேராக அதில் மோதுகிறது. டயர், இன்ஜின் சத்தம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் மென்பொருள் ஓரளவு வடிகட்டிவிடும். ப்ளோயரின் இரைச்சலோ பேச்சு இருக்கும் அதிர்வெண்கள் முழுக்கப் பரவியிருக்கும், பிரித்தெடுப்பது கஷ்டம். சில கார்கள் குரல் பட்டனை அமுக்கியதும் தானாகவே ஃபேனைக் குறைப்பது இதனால்தான். உங்கள் காரில் அந்த வசதி இல்லையென்றால் நீங்களே குறைத்துவிட்டு, பீப் கேட்ட பிறகு பேசுங்கள்.

கத்துவதால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். இரைச்சலில் குரலை உயர்த்தும்போது சுருதி ஏறி, உயிரொலிகள் நீள்கின்றன. இரைச்சலில் நம் குரல் தானாக உயர்வதை பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்ட் 1911-லேயே எழுதிவைத்தார். சாதாரணப் பேச்சைக் கேட்டுப் பழகிய மென்பொருள் இப்படி மாறிய குரலில் தடுமாறும்.

பாட்டு ஓடினால் அவ்வளவு பிரச்சினை இல்லை. தான் என்ன பாட்டு போடுகிறோம் என்று சிஸ்டத்துக்கே தெரியும், அதைக் கழித்துவிடும். பின்சீட்டில் பையன் மொபைலில் ரீல்ஸ் பார்த்தால் அதைக் கழிக்க வழியில்லை. (அவனிடமிருந்து மொபைலை வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.)

"ரவி" மாதிரி குட்டிப் பெயர்களில் பிடித்துக்கொள்ள ஒலி குறைவு. "ரவி அண்ணாநகர்" என்று சேமித்து, அப்படியே கூப்பிடுங்கள்.

போனின் குரல் உதவியாளரை பழைய ப்ளூடூத் வழியாகப் பேச வைக்கிறீர்களா? அதன் பழைய போன்-கால் இணைப்பு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். "ஸ", "ஃப" இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருந்தால் கேபிளில் இணைத்துப் பாருங்கள்.

ஒருவேளை நீங்கள் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்டீரியோ மாற்றியவர் என்றால், தனி மைக்கை எங்கே ஒட்டினார்கள் என்று பாருங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தால், சன் வைஸர் பக்கம் மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.