இலையிலிருந்து எடுத்த ஜாங்கிரி

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 76 வயது. மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். அம்மா தவறிய பிறகு சென்னையில் என்னோடு இருக்கிறார். 18 வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. ஊரில் இருந்தவரை மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், ஆனால் சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. இங்கே வந்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.6 சதவீதம் இருந்தது. நான் எல்லாவற்றையும் மாற்றினேன். காலையில் ஓட்ஸ் அல்லது கேழ்வரகுக் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. பழம், கிழங்கு எல்லாம் நிறுத்தியாயிற்று. வெள்ளைச் சர்க்கரை வீட்டிலேயே கிடையாது, காபிக்கு நாட்டுச் சர்க்கரைதான். எட்டு மாதத்தில் சராசரி 6.2க்கு வந்துவிட்டது. எடையும் ஆறு கிலோ குறைந்து 54 ஆகியிருக்கிறது. மாத்திரை பழையதேதான்: காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தது, சாப்பாட்டோடு வோக்லிபோஸ்.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. பேரனுக்கு வாங்கி வைக்கும் பிஸ்கட்டை ராத்திரியில் எழுந்து எடுத்துத் தின்கிறார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். விடியற்காலையில் பனியன் நனையும் அளவுக்கு வியர்க்கிறது, கேட்டால் புழுக்கம் என்கிறார். சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துப் பாதியில் வைத்துவிடுகிறார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை எடுத்து வாயருகே கொண்டுபோனார். நான் கையைப் பிடித்து அதை வாங்கி என் இலையில் வைத்துக்கொண்டேன். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே செய்கிறேன்? அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் கேட்டிருப்பது ஜாங்கிரியைப் பற்றி. எனக்கு அதைவிட அவசரமாகப் பட்டது போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி. விடியற்காலையில் பனியன் நனையும் அளவுக்கு வியர்வை. தயவுசெய்து அதைப் புழுக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள். எடை ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. மாத்திரை மட்டும் அவர் மூன்று வேளையும் வயிறாரச் சோறு சாப்பிட்ட காலத்து அளவிலேயே நிற்கிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் மருந்து உடம்பில் தங்கும் நேரமும் கூடிவிடும். இரவு ஒன்றரைச் சப்பாத்தியோடு படுக்கிறவருக்கு மூன்று மணிக்கு, நான்கு மணிக்கு மீட்டரில் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போக நிறைய வாய்ப்பு உண்டு. வியர்வை, எரிச்சல், ராத்திரிப் பசி எல்லாமே அதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த பிஸ்கட்டை நீங்கள் திருட்டு போலப் பார்க்கிறீர்கள். அவர் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரை எழுப்பி அனுப்புகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்று ராத்திரியே மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். வியர்த்திருக்கும் நேரத்தில் பார்த்தால் இன்னும் நல்லது. குறைவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருக்காவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். குளுக்கோஸ் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா வோக்லிபோஸ் சாப்பிடுகிறார். மாவையும் சர்க்கரையையும் குடலில் உடைக்கும் நொதிகளைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. அதனால் சாதாரணச் சர்க்கரை, வெல்லம், பிஸ்கட் எதுவும் அவசரத்துக்கு உடனே கைகொடுக்காது. குளுக்கோஸுக்கு உடைபட வேண்டிய தேவை இல்லை, நேராக ரத்தத்தில் சேரும். ஒரு டப்பா அவர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எடை குறைந்தது, சாப்பாடு மாறியது, ராத்திரி பார்த்த அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பல மருத்துவர்களுக்கு நோயாளியிடம் செலவழிக்கக் கிடைக்கும் நேரம் ஐந்து நிமிடம்தான். 6.2 என்று பார்த்ததும் ‘நல்லா இருக்கே, அப்படியே கண்டினியூ பண்ணுங்க’ என்று சொல்லி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

அந்த 6.2ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் அதை அடைந்த பாடு எனக்குத் தெரிகிறது. ஆனால் அது சராசரி. ராத்திரி 55, காலைக் கஞ்சிக்குப் பிறகு 220 என்று ஏறி இறங்கினாலும் சராசரி அழகாகவே வரும். அது மட்டுமில்லை, 76 வயதுக்காரர் தொட வேண்டிய எண்ணே வேறு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலில், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்களுக்கு 7 முதல் 7.5க்குள் இருந்தால் போதும். வேறு பல நோய்களும் இருந்தால் 8க்குள் இருந்தால் போதும்.

இது வயதானவர்கள் மேல் காட்டும் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் நன்மை பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். தாழ்சர்க்கரையின் தீமைக்கு ஒரு ராத்திரி போதும். பாத்ரூமுக்குப் போகும் வழியில் தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அக்கார்ட் என்றொரு ஆய்வு நடந்தது. சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர மருந்துகளால் தீவிரமாக முயன்ற பிரிவில் மரணங்கள் கூடுதலாக இருந்ததால், 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரோடிப் போயிருக்கிறது. வயதானவர்கள் விஷயத்தில் அது உயிருக்கே ஆபத்தானது.

இனி சாப்பாடு. காவிரித் தண்ணீரில் நெல் விளைவித்தவரிடமிருந்து சோற்றைப் பிடுங்கிவிட்டுச் சப்பாத்தியைக் கொடுத்திருக்கிறீர்கள். சப்பாத்தி மருந்து என்ற நம்பிக்கை எப்படியோ தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. 30 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் 20 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கப் சோற்றில் 45 கிராம் வாக்கில் இருக்கும். இரண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் ஏறக்குறைய ஒன்றுதான். கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. பிடிக்காததைப் பாதியில் வைத்துவிட்டுப் பசியோடு படுப்பதைவிட, அளவான சோற்றைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும்.

கேழ்வரகு நல்ல தானியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மெல்லவே தேவையில்லாமல் உள்ளே போய்ச் சட்டென்று சர்க்கரையை ஏற்றும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகச் சுட்டுக் கொடுங்கள், ஏற்றம் நிதானமாக இருக்கும். நாட்டுச் சர்க்கரையை இன்றே நிறுத்திவிடலாம். அதுவும் கரும்புதான், வெள்ளைச் சர்க்கரை என்ன செய்யுமோ அதையேதான் ரத்தத்தில் செய்யும். நிறுத்திய பழத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு கொய்யா, இரண்டு துண்டு பப்பாளி சாப்பிடுவதில் எந்தத் தப்பும் இல்லை. அந்த வயதில் மலச்சிக்கலுக்கும் அது தேவை.

இங்கே ஒரு பழைய செய்தி. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இலேயே சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். மாவுச்சத்தை அடியோடு வெட்டும் உணவு முறை சோறு சாப்பிட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்பதால், நார்ச்சத்து மிகுந்த காய், கீரை, பயறுகளோடு மாவுச்சத்தும் சேர்ந்த உணவு முறையை முன்னெடுத்தவர் அவர். அப்படி ஒரு மரபு நம் ஊரிலேயே இருக்க, வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலைப் பார்த்து ஒரு விவசாயிக்கு ஓட்ஸ் ஊட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குறைத்த சோற்றின் இடத்தில் என்ன வைத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆறு கிலோ போனதில் கொழுப்பு மட்டும் போயிருக்காது, தசையும் போயிருக்கும். எழுபதைத் தாண்டியவர்களுக்குத் தசைதான் கைத்தடி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா என்று பாருங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால், அவர் எடைக்கு நாளொன்றுக்கு 55 முதல் 65 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, நூறு கிராம் மீனில் 20 கிராம் வரை கிடைக்கும். குளத்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவராகத்தான் இருப்பார். வறுக்காமல் குழம்பாக வைத்துக் கொடுங்கள். சைவ நாட்களில் கெட்டியான பருப்பு, பச்சைப்பயறுக் கூட்டு, குழைய வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர். தட்டில் முதலில் கூட்டையும் கீரையையும் மீனையும் சாப்பிடட்டும், சோறு கடைசியில். அந்த வரிசை மாற்றமே சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும். பிறகு கால் மணி நேரம் வாசல் பக்கம் நடக்கட்டும்.

சப்பாத்தியைப் பாதியில் வைத்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பற்களைப் பார்த்தீர்களா? சர்க்கரைக்காரர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், பல் ஆடும். மெல்ல முடியாதவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள், ‘எனக்குப் பிடிக்கலை’ என்பார்கள். காயை ஒதுக்குவார்கள், கஞ்சியும் இட்லியும் நனைத்த பிஸ்கட்டுமாக ஓட்டுவார்கள். அதுவே சர்க்கரையை ஏற்றும். நானாக இருந்தால் புது உணவுப் பட்டியல் போடுவதற்கு முன் பல் மருத்துவரிடம்தான் கூட்டிப்போவேன்.

சரி, பந்திக்கு வருவோம். கல்யாணத்தில் இலையில் விழுந்த ஒரு ஜாங்கிரியால் எந்தக் கெடுதலும் வந்துவிடாது. அன்றைக்குச் சோற்றைப் பாதியாக்கிப் பாயசத்தை விட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். எனக்கும் சர்க்கரை உண்டு. கல்யாண வீடுகளில் அப்படித்தான் சாப்பிடுகிறேன், மனம் நிறைந்துதான் எழுகிறேன். அன்று அவர் இழந்தது ஜாங்கிரியை இல்லை. தஞ்சைப் பக்கத்தில் பந்தியில் நின்று ‘இந்த இலைக்கு இன்னொண்ணு வையி’ என்று மற்றவர்களுக்குப் பரிமாறச் சொன்ன தலைமுறை அது. ஊரார் பார்க்க, பெற்ற மகள் அவர் கையிலிருந்து பண்டத்தைப் பிடுங்குகிறாள். இலையை மூடிவிட்டு எழுந்ததைத் தவிர அவர் வேறு என்னதான் செய்திருக்க முடியும்? உங்கள் அன்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் மனைவியை இழந்து, நிலத்தை விட்டு வந்து, அடுத்தவர் வீட்டு நேரத்துக்குச் சாப்பிடுகிற ஒருவரிடம் அவரே முடிவெடுக்க மிச்சமிருப்பது வாயில் போடும் கவளம் ஒன்றுதான். அதையும் நாம் எடுத்துக்கொண்டால் அவர் பிஸ்கட் டப்பாவைத் தேடித்தான் போவார்.

மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றால், கேளுங்கள். சுற்றி வளைக்காமல், ‘அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுப்பா’ என்று சொன்னால் போதும். ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்று கூடவே சேர்க்காதீர்கள்.

பிறகு மீட்டரை அவர் கையில் கொடுங்கள். மருத்துவர் மாத்திரையைச் சரிசெய்த பிறகு, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை அவரே குத்திப் பார்க்கட்டும். இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, அடைக்கு எவ்வளவு, மீன் குழம்போடு ஒரு கப் சோற்றுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எந்த வயலுக்கு எவ்வளவு உரம் என்று ஆயுள் முழுக்கப் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தவர் அவர். தன் உடம்பின் கணக்கு அவருக்குப் பிடிபடாமல் போகாது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவரே சொல்வார். அவர் சொல்வது உங்கள் பட்டியலிலிருந்து மாறுபட்டாலும் அதற்கு இடம் கொடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இன்னும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மெட்ஃபார்மினை இத்தனை வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை. புரதத்தைக் கூட்டுவதற்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும். கண்ணில் விழித்திரைப் பரிசோதனை, கடந்த ஒரு வருடத்தில் செய்திருக்காவிட்டால். பேசும்போது உங்களிடம் கேள்வி கேட்டால் அப்பா பக்கம் திரும்பி அவரையே பதில் சொல்ல விடுங்கள். மாத்திரையில் என்ன மாற்றினார் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.